தோல் பைண்டிங்கில் 'சவுத்': வாங்கும் முன், பிரிக்கும் முன்

அண்டார்டிக் கண்டத்தைக் கடக்கப் போய், எண்டியூரன்ஸ் கப்பலைப் பனியில் இழந்த கதையைச் சொல்லும் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் 'சவுத்' நூலைத் தோல் பைண்டிங்கில் தேடுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1919 நவம்பரில் லண்டனில் வில்லியம் ஹெய்ன்மன் வெளியிட்ட முதல் பதிப்பு துணி அட்டையில்தான் வந்தது. நீலத் துணி, அதன்மேல் பனியில் சிக்கி நிற்கும் எண்டியூரன்ஸ் கப்பல், வெள்ளி அச்சில். எனவே தோல் போர்த்திக் கைக்கு வருவது இரண்டில் ஒன்றாக இருக்கும்: பழைய பிரதியின் துணி அட்டையைக் கழற்றிவிட்டுப் பின்னாளில் யாரோ செய்த மறுகட்டு; அல்லது அமெரிக்காவின் ஈஸ்டன் பிரஸ் பாணியில், சேகரிப்பாளர்களுக்கென்றே தங்க ஓரம் வைத்து அச்சிட்ட புதிய பதிப்பு. 'லெதர் பவுண்ட், 1919' என்று விற்பனைக் குறிப்பில் போட்டிருந்தால் அது முதல் வகை. அதைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

மறுகட்டுப் பிரதியில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். நூல் வந்த சூட்டில் 1919 டிசம்பரிலேயே அடுத்த அச்சு வந்துவிட்டது. பிந்தைய அச்சுகளில் அந்த விவரம் அங்கே இருக்கும். முதல் அச்சில் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். மறுகட்டின்போது உதிர்ந்து போகிற முதல் பொருள் அதுதான். அடுத்து, ஓரம். தங்கப் பூச்சு வேண்டும் என்பதற்காக பைண்டர் மூன்று பக்கமும் வெட்டியிருப்பார். மேல் விளிம்பு ஒடுங்கியிருந்தாலோ, படத்தின் கீழ்க்குறிப்பு ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றாலோ கத்தி அளவுக்கு மீறி ஓடியிருக்கிறது. முடிவில் உள்ள மடிப்பு வரைபடத்தை விரிக்கும்போது, அது நூலோடு சேரும் இடத்தில் விரலை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். கிழிசல் எப்போதும் அந்த இடத்தில்தான் தொடங்கும். நல்ல பைண்டர் பழைய துணி அட்டையையும் முதுகையும் வீசிவிடாமல் கடைசித் தாள்களுக்குப் பின் சேர்த்துத் தைத்துத் தந்திருப்பார். அது இருந்தால் பிரதிக்கு மதிப்பு உண்டு. இல்லாவிட்டால், தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும், துணி அட்டை கெடாத சாதாரணப் பிரதிக்குக் கீழேதான் வைப்பேன்.

தாள் பழுத்திருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, நல்ல தாளுக்குத் தட்டுப்பாடு. 1919இன் பிரதி எங்கே போனாலும் உள்தாள் பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

புதிய தோல் பதிப்புகளில் கண்ணில் முதலில் படுவது முதுகில் புடைத்து நிற்கும் பட்டைகள். பழைய பைண்டிங்கில் ஃபாரங்களை, அதாவது சேர்த்து மடித்த தாள் தொகுதிகளை, தைத்த கயிறுதான் அப்படிப் புடைத்துத் தெரிந்தது. இப்போது பெரும்பாலும் அட்டைக் கீற்றை ஒட்டி மேலே தோலை இழுத்துவிடுகிறார்கள். மோசடி ஒன்றுமில்லை, அலங்காரம். உண்மையான கட்டைத் தெரிந்துகொள்ள, நூலின் மேல்தலையைப் பாருங்கள். மடித்த ஃபாரங்கள் சின்னச் சின்ன வளைவுகளாக அடுக்கித் தெரிய வேண்டும். ஒரு ஃபாரத்தின் நடுவில் விரித்தால் தையல் நூல் கண்ணுக்குப் படவேண்டும். தனித்தாள்களைப் பசையில் நிறுத்தி மேலே தோல் போர்த்திய நூலும் உண்டு. அதற்குத் தோல் விலை கொடுப்பது வீண்.

தோல் எது என்பதற்கு 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். பன்றித்தோலில் மயிர்க்கால் துளைகள் மும்மூன்றாக, முக்கோணமாகக் கூடியிருக்கும். ஆட்டுத்தோலில் துளைகள் வரிசையாகவும் இடையே மேடு பள்ளமாகவும் தெரியும். கன்றுத்தோல் வழவழப்பு, நகம் பட்டாலே கோடு விழும். துளையே இல்லாமல் ஒரே கோலம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால், தோல் துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பாண்டட் லெதர் என்று சந்தேகப்படலாம். அது சில வருடங்களில் முதுகு மடியும் இடத்தில் செதில் செதிலாக உரியும். ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை.

உள்ளடக்கத்திலும் கை வைத்திருப்பார்கள். 'சவுத்' ஷாக்கிள்டன் குழுவின் கதை மட்டும் அல்ல. கண்டத்தின் மறுபக்கத்தில் உணவுக் கிடங்குகள் அமைக்கப் போன ராஸ் கடல் குழுவின் கதையும் அதில் இருக்கிறது. மூவர் இறந்தது அந்தக் குழுவில்தான். பின்னிணைப்பில் ஜேம்ஸ் வோர்டியின் கடற்பனி வகைச்சொற்கள், ஹஸ்ஸியின் வானிலைக் குறிப்பு, ராபர்ட் கிளார்க்கின் திமிங்கிலக் கட்டுரை எல்லாம் உண்டு. ஆடம்பரக் கட்டுக்குள் இவற்றை நறுக்கிவிட்ட பதிப்பு வந்தால், பொருளடக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படங்கள் இன்னும் முக்கியம். குழுவின் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி உடைந்த கப்பலிலிருந்து மீட்ட கண்ணாடித் தகடுகளில் சுமார் 120 மட்டும் வைத்துக்கொண்டு, சுமார் 400 தகடுகளைப் பனியிலேயே உடைத்துப் போட்டார். சுமை தாங்காது என்பதே காரணம். அப்படி மிஞ்சிய படங்களை முதல் பதிப்பில் தனி ஆர்ட் பேப்பரில் அச்சிட்டார்கள். பல மறுபதிப்புகள் அந்த அச்சையே மறுபடி படமெடுத்து உள்தாளில் போடுகின்றன. அச்சின் நுண்புள்ளிமேல் இன்னொரு புள்ளி விழுந்து, கப்பலின் கயிறுகள் சாம்பல் திட்டாகிவிடும். வாங்கும் முன், கயிறும் பாய்மரமும் தெரியும் ஒரு படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அட்டைப் படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆர்ட் பேப்பருக்கு ஒரு சாபம் உண்டு. அதன் மேல்பூச்சு வெள்ளைக் களிமண். ஈரம் பட்டுக் காய்ந்தால் இரண்டு தாள்களும் ஒரே பலகையாகிவிடும். ஒட்டிய தாளைக் கத்தி போட்டுப் பிரிக்காதீர்கள், படம் உரிந்து அடுத்த தாளில் போய்விடும்.

புது நூல் வந்ததும் நடுவில் மடக்கென்று பிரிப்பதுதான் அதிகம் நடக்கிற கொலை. தங்க ஓரம் வைக்கும்போது தாள்களை இறுக்கி அழுத்திப் பூசுவதால், ஓரங்கள் லேசாக ஒட்டியிருக்கும். முதுகை மேசையில் நிறுத்துங்கள். முன் அட்டையைச் சாய்த்து, பிறகு பின் அட்டையைச் சாய்த்து, முன்னால் பத்துப் பதினைந்து தாள், பின்னால் பத்துப் பதினைந்து தாள் என்று மாற்றி மாற்றி விரலால் மடிப்போரம் நெடுகத் தடவி இறக்குங்கள். நடுப்பக்கம் வரும்போது தானாகப் படுக்கும். ஒட்டிய இடத்தில் 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அது சரிதான். முதுகில் 'டக்' என்று கேட்டால் பசை விட்டுவிட்டது.

பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கும் பட்டு நாடாவை ஒரே பக்கத்தில் வருடக்கணக்கில் விட்டால் கோடு பதியும். அதன் நுனியை நூலுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள், பிரியும். தோலுக்குத் தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், வாசலின் எதுவும் வேண்டாம். லானோலினும் தேன்மெழுகும் சேர்த்த களிம்பை ஒரு காலத்தில் நூலகங்களே பூசின, இப்போது கைவிட்டுவிட்டன. எண்ணெய் உள்தாளுக்கு இறங்கும், தூசியைப் பிடித்துவைக்கும். பழைய தோல் செந்தூளாக உதிர்ந்து கையில் ஒட்டினால், காற்றின் கந்தகம் அமிலமாகித் தோலை அரித்துவிட்டது என்று பொருள். ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பொடியை எத்தனாலில் கரைத்து மெல்லிசாக ஒரு கை தடவினால் தூள் அடங்கும். போன வலு திரும்பாது.

சென்னை போன்ற ஊரில் அலமாரிக்குள் ஈரப்பதமானி ஒன்று அவசியம். 45 முதல் 55 சதவீதம் நல்லது; 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான். பூச்சி வந்துவிட்டால் மருந்து அடிக்காமல், காற்றை வெளியேற்றி இரண்டு பாலிதீன் பைகளில் மூடி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். அண்டார்டிக் நூலுக்கு அது பழகின இடம்தான். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். நீர்த்துளி பைக்கு வெளியே படியட்டும்.

துருவ நூல்களில் தோலுக்கு உண்மையிலேயே வேலை இருந்த ஒரு கட்டும் உண்டு. 1908 குளிர்காலத்தில், எண்டியூரன்ஸுக்கு முந்தைய பயணத்தின்போது, அண்டார்டிகாவின் ராய்ட்ஸ் முனைக் குடிலில் ஷாக்கிள்டன் குழு அச்சிட்ட 'அரோரா ஆஸ்திராலிஸ்'. மை உறையாமலிருக்க அச்சுத் தட்டின் அடியில் மெழுகுவத்தி வைத்தார்கள். அட்டைக்கு உணவுப் பெட்டிகளின் வெனெஸ்டா என்ற ஒட்டுப்பலகையை குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் டே இழைத்தெடுத்தார், முதுகுக்குத் தோல். பெட்டியில் இருந்த 'பட்டர்' போன்ற எழுத்துகள் இன்றும் அட்டையின் உட்புறம் தெரிகிற பிரதிகள் உண்டு. சேகரிப்பாளர்கள் அந்தப் பிரதிகளை அந்த உணவின் பேரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.