அப்பாவின் நடை யாருக்குத் தெரிய வேண்டும்?

பைபாஸ் இதய அறுவை முடிந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. தான் எவ்வளவு நடக்கிறார் என்ற தகவல் மகளுக்குப் போவதை நிறுத்தச் சொன்னவர், என்னிடம் வரும் ஓர் அப்பா. நிறுத்திக் கொடுத்தது நான். நோயாளி அவர், உடம்பு அவருடையது, அதனால் செய்தது சரி என்றுதான் இன்றும் வாதாடுவேன். ஆனால் மகள் தோஹாவிலிருந்து கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது.

பைபாஸ் முடிந்தவர்கள் வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருவது நடக்காத காரியம். அதனால்தான் வாட்ச், ஆப், வாரம் ஒருமுறை என் ஃபோன். வாட்ச் வாங்கித் தந்த மகள் ஆப்பில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அப்பா டீக்கடையில் கொஞ்சம் அதிகம் உட்கார்ந்துவிட்டால் போதும், "என்னப்பா, இன்னைக்கு ஆயிரம் ஸ்டெப்கூடத் தாண்டலையே" என்று அங்கிருந்து அழைப்பு வரும். இவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். "சர்வீஸ் பூரா செக்கிங் இன்ஸ்பெக்டருக்குப் பயந்தாச்சும்மா. இப்ப பெத்த புள்ளைக்குமா?" என்றார்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் மகள் கூப்பிட்ட நாட்களில் மனிதர் வேகமாக நடந்தார். அவர் சாப்பிடுவது மெட்டோபுரோலால். நாடித்துடிப்பை அவ்வளவாக ஏறவிடாத மாத்திரை. வாட்ச்சோடு வந்த ஆப்புக்கு அது தெரியாது. 220-இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்புக்கு ஒரு இலக்கை வைத்துக்கொண்டு, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நான் சொல்லிக்கொடுத்த கணக்கு அவ்வளவுதான். மகள் பார்த்தது ஆப்பின் கணக்கை.

தகவலை நிறுத்தியதும் மகள் கேட்டார்: "மேடம், நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஆப் அதையெல்லாம் சொல்லாதுங்க. நெஞ்சு வலிச்சா 108-ஐத்தான் கூப்பிடணும்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் மகள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அதற்குப் பிறகு அப்பாவின் ஸ்டெப் கணக்கு பாதியாகக் குறைந்தது. மகள் பார்க்காததால் நடையையே விட்டுவிட்டாரோ என்று பயந்தேன். ஆனால் அடுத்த முறை வந்தபோது ஆறு நிமிட நடைச் சோதனையில் முன்பைவிட நன்றாக நடந்தார். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாரா, குறைவாக நடந்தும் தேறினாரா? கேட்டால் "நடக்குறேம்மா" என்பதோடு சரி. அறுத்த நெஞ்செலும்பு கூடிவிட்டால் பெரிதாகப் பயிற்சி செய்யாதவர்களும் ஓரளவு தேறத்தான் செய்வார்கள். ஆகவே அந்தச் சோதனையை எனக்குச் சாதகமாகக் காட்ட எனக்கே கூச்சம்.

2014-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று உண்டு. 120 பேர். மொபைல் வழியாக வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களில் 80 சதவீதம் பேர் முழுதாக முடித்தார்கள். மையத்துக்கு வரச் சொன்னவர்களில் பாதிகூட இல்லை. மொபைலின் வெற்றி என்று நாங்கள் எல்லோரும் அதைக் காட்டுவோம். அதில் வாராவாரம் ஃபோனில் பேச ஓர் ஆளும் இருந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த ஆள் இங்கே நான்தான், மகள் இல்லை என்று அப்போது நினைத்தேன். வாரம் ஒருமுறை பேசும் நான் எங்கே, தினமும் கூப்பிட்ட மகள் எங்கே என்றும் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுகிறேன், "உங்க கணக்கை யார் யார் பார்க்கலாம்?" என்று. பெரும்பாலும் "பையன் பார்க்கட்டும்மா" என்றுதான் பதில் வருகிறது. பையனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.