குதிரை வருஷத்துக்கு முன்னால்

அக்டோபர் 9, 2025
குடாகா தீவிலிருந்து படகு இல்லை. காற்று. எதிரே ஜப்பானின் ஒகினாவா கரை கண்ணுக்குத் தெரிகிறது, அஸாமா துறைக்கு அரைமணி கூட ஆகாது. ஆனாலும் இல்லை.

அக்டோபர் 10
ஓபாவுக்கு (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) இருமல் நிற்கவில்லை.

அக்டோபர் 11
உடுன்மியா வரை நடந்தேன். வெற்றுத் திடல், சின்னதாக ஒரு கூடம், பக்கத்தில் கடல்பாம்பைப் புகைபோடும் குடிசை. தீவுப் பெண்கள் பூசை செய்யும் தெய்வப்பெண்களாகும் இஸாய்ஹோ சடங்கு நடந்த இடம். தலைமுடியை விரித்துப் போட்டு, வெள்ளை உடுத்தி, ‘ஏஃபாய், ஏஃபாய்’ என்று கூவிக்கொண்டு பெண்கள் ஓடிவந்து ஏழு படிப் பாலத்தைத் தாண்டுவார்கள். நாலு நாள் சடங்கு. அது முடிந்தால் தெய்வப்பெண்கள். குடாகாவில் ஆண் கடலுக்கு, பெண் தெய்வத்துக்கு.

விலங்குகளின் பெயரில் சுற்றிவரும் வருஷங்களில், குதிரை வருஷம் 12 வருஷத்துக்கு ஒருமுறை. அப்போதுதான் சடங்கு. கடைசியாக நடந்தது 1978. 1990இல் சடங்கில் சேரப் பெண்கள் இல்லை. 2002 இல்லை. 2014 இல்லை. அடுத்தது 2026.

தீவில் பிறந்தவளாக இருக்கவேண்டும், வயது 30 முதல் 41க்குள். ராத்திரி இதையே கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சுற்றும் 12 வருஷம், வயது வரம்பும் 12 வருஷம். அப்படியென்றால் ஒருத்தியின் ஆயுளில் அது ஒரே ஒரு தடவைதான் வரும். விட்டால் விட்டதுதான்.

அக்டோபர் 12
கடையில் ஒரு பெண். முப்பத்தைந்து இருக்கும். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒகினாவாவின் நாஹா நகரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவளாம், அவளும் படகுக்குத்தான் காத்திருக்கிறாள்.

அக்டோபர் 13
ஓபா இன்று எழுந்து உட்கார்ந்தார். காய்ந்து கரிக்கட்டையாகிக் கிடந்த இராபுவை, அந்தப் புகைபோட்ட கடல்பாம்பை, தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். கரி போகப் போக அடியில் செதில் வரிசை பளபளவென்று வந்தது. கொம்பு என்கிற கடற்பாசி, பன்றிக்கால் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால்தான் அது மெத்தென்றாகும். நான் தேய்க்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

1966இல் அந்தப் பாலத்தைத் தாண்டியவர். 1978இல் அடுத்தவர்களை வரவேற்க நின்றவர். 70 வயதில் முறைப்படி விலகி இருபது வருஷம் ஆகிறது. ஒரு பாட்டாவது பாடுங்களேன் என்று கேட்டேன். “அதுக்கு உரிய நாள் இல்லையே” என்றார்.

பதிவுகள் இருக்கின்றன, படமெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. அந்தப் பெட்டிகளிலிருந்து ஒரு தெய்வப்பெண் எழுந்து வருவாளா?

அக்டோபர் 14
இங்கே நிலம் தனியார் சொத்தில்லை, தீவே பொது. விற்க முடியாது. நிலத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு சரி. பதினைந்து வயதில் பிள்ளைகள் படகேறுகிறார்கள். திரும்பி வந்து செய்ய என்ன வேலை இருக்கிறது?

இருமல் மறுபடியும்.

அக்டோபர் 15
படகு ஓடுகிறது. மதியம் ஓபாவின் மகள் வருகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. 1972இல் பிறந்தவள். 2002இல் முப்பதைத் தொட்டிருப்பாள். அவளுக்கான ஒரே தடவை அது. அவளிடம் இதைக் கேட்கலாமா, கேட்டால் ஓபா என்ன நினைப்பார் என்று காலையிலிருந்து இதே யோசனை. துறைக்கு நானும் வருவேன் என்று ஓபா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.