டிஸ்ப்ரோசியத்தைக் குறைத்தால் பாதிக் கவலை தீரும்

வலுவான காந்தம் செய்ய உதவும் நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய மண் தனிமங்கள் என்றாலே பேச்சு சுரங்கத்தின் பக்கம் போய்விடுகிறது. மோட்டாருக்குக் காந்தம் வாங்குகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. தாது பல நாடுகளில் கிடைக்கிறது. அதைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்கும் நடுக்கட்டம்தான் சிக்கல். பிரித்தெடுப்பிலும் காந்த உற்பத்தியிலும் சீனாவின் பங்கு சுமார் 90 சதவீதம்.

தாதுவில் கலந்து கிடக்கும் இந்தத் தனிமங்களில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளவற்றின் வேதிக்குணம் ஏறக்குறைய ஒன்றே. அமிலக் கரைசலையும் கரிமக் கரைப்பானையும் கலக்கித் தெளியவிடும் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக ஓடினால்தான் அவை பிரியும். பிறகு ஆக்சைடை உருகிய ஃபுளோரைடு உப்பில் மின்னாற்பகுத்து உலோகமாக்க வேண்டும். புதிய திட்டங்கள் இந்தப் படியில்தான் அதிகம் தடுமாறுகின்றன. ஒரு முனையில் ஆக்சைடு ஆலை, மறுமுனையில் காந்த ஆலை, இடையில் உலோகம் செய்ய ஆள் இல்லை!

அளவைப் பாருங்கள். மோட்டார்களில் போடும் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் அரிய மண் உலோகம். அறுத்துத் தேய்க்கும்போது கால்பங்கு தூளாகப் போனால், 1 டன் காந்தத்துக்குச் சுமார் 400 கிலோ உலோகம், அதற்கு ஏறத்தாழ 470 கிலோ ஆக்சைடு தேவை. அந்தத் தூளைத் திரும்ப எடுக்காத ஆலை பொருளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியது. அதில், காந்தம் சூட்டைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் உண்டு. காந்தத்தின் முக்கிய அரிய மண் உலோகங்களான நியோடிமியமும் பிரசியோடிமியமும் இல்லை. டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கலந்த காந்தத்துக்கு உரிமம் வேண்டும். இரண்டும் இல்லாத சாதாரண கிரேடுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே முதல் வேலை டிசைன் மேசையில்தான்.

காந்தம் பதித்த ரோட்டரின், அதாவது மோட்டாரில் சுழலும் பாகத்தின், உண்மையான வெப்பநிலையை அளந்து பாருங்கள். பயத்தில் 180 டிகிரி தாங்கும் யு.எச். கிரேடு போட்ட வரைபடங்கள் ஏராளம். குளிர்விப்பைச் சரிசெய்தால் 150 டிகிரிக்கான எஸ்.எச். கிரேடோ அதற்கும் கீழானதோ போதும். முடியாத இடத்தில் டிஸ்ப்ரோசியத்தைக் கலவையில் சேர்க்காமல், செய்து முடித்த காந்தத்தின் மேல் பூசிச் சுமார் 900 டிகிரியில் சூடாக்கலாம். அது படிக எல்லைகள் வழியாக மட்டும் உள்ளே இறங்குவதால் மிகக் கொஞ்சமே செலவாகும். சில மில்லிமீட்டர் தடிமன் வரைதான் இது நன்றாகப் பலிக்கும். தடித்த காந்தத்தின் நடுப்பகுதிக்கு எட்டாது.

கிரேடைக் குறைக்கும்போது தவறு நடப்பது ஷார்ட் சர்க்யூட் நேரத்தில். சூடான காந்தத்தின் மேல் எதிர்த்திசைக் காந்தப்புலம் பாய்ந்து, காந்தநீக்க வளைவின் (எதிர்ப்புலம் கூடும்போது காந்தம் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் வரைபடத்தின்) முழங்காலை, அதாவது அது சட்டென்று கீழே மடியும் இடத்தை, தாண்டினால் இழந்த காந்தம் ஆறினாலும் திரும்பாது. அதிகபட்ச வெப்பநிலையில் எடுத்த வளைவைச் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். 20 டிகிரி அட்டவணையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்டாக் வைப்பதாக இருந்தால் எந்த வடிவில் என்பது முக்கியம். உலோகமாக்க ஆள் இல்லாத நாட்டில் ஆக்சைடு மூட்டைகள் வீண். சில மைக்ரான் தூள் காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும். காந்தமேற்றாத பிளாக்குகளை ஈரம் புகாமல் அடைத்து வைப்பதே நல்லது. வேண்டிய அளவுக்குப் பின்னால் அறுத்துக்கொள்ளலாம், விமானத்தில் அனுப்பவும் தொல்லை குறைவு.

இரண்டாவது சப்ளையர் இருக்கிறார் என்று நிம்மதி அடைவதற்கு முன், அவருடைய உலோகக் கலவை யாரிடமிருந்து வருகிறது என்று கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் வாங்கினால் அது ஒரே சப்ளையர்தான். நிஜமான மாற்று ஆலை நிலைக்க நீண்டகால ஒப்பந்தமும் விலை உத்தரவாதமும் வேண்டும். 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எம்.பி. மெட்டீரியல்ஸ் என்ற அமெரிக்க அரிய மண் நிறுவனத்துக்கு நியோடிமியம்-பிரசியோடிமியம் கிலோவுக்கு 110 டாலருக்குக் குறையாது என்று விலை உத்தரவாதம் தந்தது இதற்காகவே. சந்தை விலை சரிந்ததும் பழைய இடத்துக்கே ஆர்டர் போடுகிற வாடிக்கையாளரை நம்பி எவரும் உலை மூட்ட மாட்டார்கள்.