தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் புதைந்த கடிகாரம்

அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களைக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்கலாம் என்று, சென்ற வாரம் மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்தேன். படம் வந்தது. ஆனால் கீழே பணிப்பட்டையில் பாதியும், அதன் வலது மூலையிலிருந்த கடிகாரமும் தொலைக்காட்சியின் சட்டத்துக்குள் புதைந்துபோயிருந்தன.

கணினியில்தான் கோளாறு என்று எண்ணி, முதலில் ரெசல்யூஷனை, அதாவது படத்திலுள்ள புள்ளிகளின் (பிக்சல்களின்) எண்ணிக்கையை, குறைத்தேன். எழுத்து மங்கியதே தவிர ஓரம் திரும்பவில்லை. பிறகு கிராபிக்ஸ் மென்பொருளில் படத்தைச் சுருக்கியதும் கடிகாரம் வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு அது போதுமாயிருந்தது. மறுநாள் கணக்குத் தாளைத் திறந்தபோதுதான் எண்களெல்லாம் கரைந்து தெரிவதைக் கவனித்தேன்.

இதற்குக் காரணம் ஓவர்ஸ்கேன் என்னும் பழைய வழக்கம். படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் அளவும் ஓரமும் ஒரே சீராக நிற்காது என்பதால், படத்தைச் சற்றே ஊதிப் பெரிதாக்கி, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் நிலையான இடமுள்ள எல்சிடி திரைக்கு இது தேவையே இல்லை. இருந்தும் பல தொலைக்காட்சிகள் இதை இன்னும் விடவில்லை. அகலத்திலும் உயரத்திலும் ஐந்து விழுக்காடு மறையும்படி ஊதினால், 1920க்கு 1080 பிக்சல் என்று வரும் படத்தில் 1824க்கு 1026 பகுதி மட்டுமே திரை முழுக்க இழுக்கப்படுகிறது. கணினியிலும் சுருக்கினால், ஒருமுறை சுருங்கிய எழுத்து மறுமுறை இழுபட்டு, இரண்டு தடவை சிதைகிறது. ஆகவே மருந்தைத் தொலைக்காட்சிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பட அளவுக்கான பட்டியலில் 16:9 என்பதை விட்டுவிட்டு, எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற பெயர்களில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் தொலைக்காட்சியில் அப்படி எதுவும் தென்படவில்லை. அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிய நொடியில் நான்கு ஓரங்களும் வந்து நின்றன. பெயரை மாற்றினால் படம் மாறும் என்று யாருக்குத் தோன்றும்?

அதன் பிறகும் எழுத்து முழுக்கத் தெளியவில்லை. என் மடிக்கணினியின் திரை 1366க்கு 768. இரு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும்போது தொலைக்காட்சிக்கும் அந்தச் சிறிய அளவே போகிறது. விண்டோஸ் பொத்தானோடு 'பி'யை அழுத்தி, இரண்டாம் திரை மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்து, 1920க்கு 1080 வைத்ததும் எண்கள் கூர்மையாயின. சோபாவிலிருந்து படிக்க முடியாத அளவுக்கு எழுத்து சிறுத்தால், ரெசல்யூஷனைத் தொடாமல், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸின் ஸ்கேல் அளவை 150 விழுக்காடாக்கினால் போதும்.

படத்தைச் சுற்றி நாற்புறமும் கறுப்பு விளிம்பு தெரிந்தால் மட்டும் கதை தலைகீழ். ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் இதைக் காணலாம். அப்போது தொலைக்காட்சியை விட்டுவிட்டு, ஏஎம்டி மென்பொருளில் படத்தைச் சுருக்கும் எச்டிஎம்ஐ ஸ்கேலிங்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.