பகலில் உளுந்து, இரவில் பித்தளை

என் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாரத்தில் மூன்று நாளாவது பச்சை பூத்துக் கிடக்கும். பித்தளைக் கம்பியை அழுத்திப் பிடித்து வளைத்தால், வியர்வை பட்டு அப்படி ஆகும். சோப்புக்கு அது மசியாது, புளி வைத்துத் தேய்த்தால்தான் போகும். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் புளியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு நாள் அப்படியே போய் உட்கார்ந்து சாம்பிள் தட்டில் கை வைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, உளுந்துல பூஞ்சையா?"

"இல்லைங்க, அது என் விரல்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சரி, கையைக் கழுவிட்டு வந்து தொடுங்க. சென்னைக்காரன் பார்த்தா லோடையே திருப்பிடுவான்."

யாங்கோனில் பயின்னௌங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். இங்கிருந்து போகிற சரக்கில் எங்களுக்கு முக்கியமானது உளுந்து. சென்னையில் இட்லி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த மாவில் பர்மா மண்ணும் கொஞ்சம் கலந்திருக்கிறது. (மண் என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. நிஜ மண்ணைப் பொறுக்கி எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.) மூட்டைகளிலிருந்து குத்தூசியால் எடுத்த சாம்பிளில் 100 கிராமை வெள்ளைத் தட்டில் பரப்பி, உடைந்தது, பூச்சி அரித்தது, சுருங்கியது, கல் என்று தனித்தனியாக ஒதுக்கி எடை போட வேண்டும். எஃப்.ஏ.கியூ. என்பது நடுத்தரச் சரக்கு. எஸ்.கியூ. என்றால் மணி பெரிது, விலையும் கூட. முதல் வருஷம் எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. மூன்றாம் வருஷம் கறுப்பிலேயே ஏழெட்டுக் கறுப்பு இருப்பது பிடிபட்டது. தட்டைச் சாய்த்தால் நல்ல மணி உருண்டு ஓடும், சொத்தை மணி தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கண் தானாகப் பிடித்துவிடும்.

இரவில் நகை செய்கிறேன் என்று சொன்னால் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம், மூன்று குறடு, ஒரு சாமணம், ஓர் அரம், லைட்டர் கேஸ் நிரப்பும் சின்ன டார்ச், நாலைந்து சுருள் பித்தளைக் கம்பி, அவ்வளவுதான் என் பட்டறை. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் ஒரு சார்ஜ் விளக்கும் உண்டு. மகளின் காதணிக் கொக்கி உடைந்ததைச் சரிசெய்யப் போய் ஆரம்பித்தது. கொக்கி சரியாகவில்லை, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் யாரும் இதை நகை என்று ஒப்புக்கொள்வதில்லை. அம்மாவின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதை வித்தா என்ன கிடைக்கும்?"

இந்தக் கேள்வியை அல்பம் என்று என்னால் ஒதுக்க முடியாது. 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடைகள் தேசியமயமாகி, கூட்டம் கூட்டமாக நம்மவர்கள் கப்பலேறிய வருஷமும் அதுதான். அப்பத்தாவின் தங்கை அப்படிப் போனவர். துறைமுகத்தில் சோதனையில் உடம்பிலிருந்த நகையெல்லாம் போய், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு கப்பலில் ஏறினாராம். அப்பத்தா போகவில்லை. போகாததற்கு அவர் சொன்ன காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். அப்புறம் 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் காகிதமாயின, மாற்றியும் தரவில்லை. எனக்கு அப்போது நாலு வயது. அரிசிப் பானைக்குள்ளிருந்து அம்மா எடுத்த கட்டு நினைவிருக்கிறது, அதை வைத்து நான் கடை விளையாடியதும் நினைவிருக்கிறது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நோட்டை யாரும் நம்புவதில்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் மொகல் தெருவுக்குப் போய் ஒரு பே தங்கமாவது வாங்கிவிட வேண்டும். அந்தத் தெருவுக்கு ஷ்வே போன் தா என்று பேர் மாறி எத்தனையோ காலமாகிறது. பெரியவர்கள் வாயில் இன்னமும் மொகல் தெருதான்.

இந்தப் பே பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே தங்கத்தைச் சவரனில் நிறுப்பதில்லை. 8 யுவே ஒரு பே, 16 பே ஒரு கியாட்தா. கியாட்தா என்பது 16 கிராமுக்குச் சற்று மேல். யுவே என்றால் நம் குன்றிமணிதான், எந்தக் காலத்திலோ அந்த விதையை வைத்து நிறுத்ததால் வந்த பேர். 'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்று நாம் அலுத்துக்கொள்வதை இங்கே கடைக்காரர் கணக்காகவே எழுதுகிறார். பே என்றால் பர்மிய மொழியில் பருப்பு, பயறு. உளுந்துக்கு மட்பே. தங்கத்துக்கும் பே, உளுந்துக்கும் பே, எழுத்தும் ஒன்றே. மேலே போனால் 100 கியாட்தா சேர்ந்தது ஒரு பெய்த்தா, கிட்டத்தட்ட 1.6 கிலோ. நாங்கள் அதை வீசை என்போம். வெள்ளைக்காரன் அதை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு 'விஸ்' என்று எழுதி வைத்தான். ஆக, பகலில் நான் வீசைக் கணக்கில் பார்க்கிற ஏணியின் அடிப்படியில்தான் இரவு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசம், என் பித்தளையை யாரும் நிறுப்பதில்லை. நாளெல்லாம் எடை போட்டுவிட்டு வருகிற எனக்கு அது எவ்வளவு நிம்மதி என்று அம்மாவுக்கு விளக்கத் தெரியவில்லை.

கம்பியை மட்டும் வளைத்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தவர் மொகல் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் ஓர் ஆசாரி. எண்பதை நெருங்குகிறார். அம்மாவின் தோட்டுக்குத் திருகாணி மாற்றப் போனபோது என் பையிலிருந்த பித்தளை வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் தாத்தா."

"கம்பியை ரொம்பக் கொடுமைப்படுத்தியிருக்கியே ஆத்தா. நாலு தடவை வளைச்சா அது வெறைச்சுக்கும். சூடு காட்டு, மசியும்."

அன்றைக்கே காட்டினார். கம்பியைச் சுருட்டி நெருப்பில் பிடித்தார். மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் போட்டார். எடுத்தால் கறுத்துப்போய், ஆனால் நூல் மாதிரி வளைந்தது. புளித்தண்ணீரில் போட்டதும் கறுப்பு கரைந்து மஞ்சள் மீண்டது. பாத்திரம் தேய்க்கிற புளிக்கு இப்படி ஒரு வேலை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் பொடி வைக்கக் கற்றுக்கொடுத்தார். பொடி என்றால் பற்றவைக்க உருக்குகிற உலோகத் துணுக்கு. இரண்டு முனைகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளிகூட இருக்கக்கூடாது. வெங்காரத்தை (போராக்ஸ்) குழைத்துத் தடவி, பொடியைச் சாமணத்தால் வைத்து, நெருப்பைச் சுற்றிலும் காட்டிக்கொண்டே வர வேண்டும். பொடியின்மேல் நேரே காட்டினால் உருண்டு குமிழாகி ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். நகையின் உடம்பு முழுக்கச் சூடேறினால் பொடி தானாக இளகி இடுக்குக்குள் ஓடும், ஒரு மின்னல் கோடு மாதிரி. அந்த ஒரு கணத்துக்காகத்தான் மீதி எல்லாம். யாராவது பொடி வைத்துப் பேசினால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. வெங்காரம் போதவில்லையே என்றுதான் தோன்றுகிறது.

அகங்காரம் வராமலா இருக்கும்? வந்தது. ஸ்காட் மார்க்கெட்டில், இப்போது போஜோ மார்க்கெட், ஒரு கடையில் மோகோக் என்ற சுரங்க ஊரின் பெரிடாட் கல் ஒன்று வாங்கினேன். பச்சைத் திராட்சையை வெயிலில் பிடித்த நிறம். சின்னதுதான், ஆனால் என் கணக்கில் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. வெள்ளியில் கூடு கட்டிப் பதித்து முடித்த பிறகுதான் மேல் வளையம் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தேன். காலையில் கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கலாம் என்று விட்டிருக்க வேண்டும். கல்லின்மேல் ஈரத்துணியைச் சுற்றி டார்ச்சைப் பற்றவைத்தேன். டிக் என்று ஒரு சத்தம், உளுந்தம்மணி பல்லில் கடிபடுகிற சத்தம். துணியை எடுத்தால் கல்லுக்குள் குறுக்காக ஒரு வெள்ளை நரம்பு. பெரிடாட்டுக்குத் திடீர்ச் சூடு ஆகாது என்பதைக் கல்லே சொல்லித் தந்தது. ஆசாரித் தாத்தாவிடம் கொண்டு போனேன். திட்டவில்லை. "கல்லு ஏறின வீட்டுல நெருப்பு மூட்டக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அந்தக் கல் இன்னமும் என் அலுவலக மேசை இழுப்பில் இருக்கிறது. லோடு தாமதமான நாளில் எடுத்துப் பார்ப்பேன். மனசுக்கு ஆறுதல் என்று சொல்ல முடியாது, சும்மா பார்ப்பேன்.

போன சித்திரைக்கு முன்னால் பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். பர்மியப் பெண், என்னைவிடச் சின்னவள். 'அமா' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம், நம் காதுக்கு அம்மா என்று விழும். அவள் கேட்டது படவ் பூக் காதணி. தண்ணீர்த் திருநாள் சமயத்தில், முதல் மழை விழுந்த கையோடு, யாங்கோன் தெருக்களில் மரம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும். ஒரே நாள்தான். காலையில் பெண்கள் தலையில் வைத்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். நம் வேங்கைக்குச் சொந்தக்கார மரம் அது. கோயில் விடுமுறை வகுப்பில் சொல்லிக் கொடுத்த குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கைப் பூவைப் பொன் என்பார்கள், பாறையில் உதிர்ந்து கிடந்தால் புலி என்று பயப்படுவார்கள். நான் அந்த மரத்தை மலையில் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் அதன் உறவுக்காரரைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள்.

படவ் பூவின் இதழ் நேராக இராது, கசக்கிய பட்டுத்துணி போல ஓரம் சுருங்கியிருக்கும். தகட்டில் வெட்டினேன், தகரம் மாதிரி நின்றது. மயிர் போன்ற கம்பியைப் பின்னி இதழாக்கினேன், வலை மாதிரி தொங்கியது. நாலு இரவு வீணாயிற்று. ஐந்தாம் நாள் அலுவலகத்தில் சுருங்கிய உளுந்தை ஒதுக்கும்போது, அதன் தோலில் இருக்கும் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பருப்பு சிறுத்துவிட்டது, தோல் பழைய அளவில் நின்றுவிட்டது, அதனால் மடிப்பு. அன்றிரவு மெல்லிய தகட்டைச் சூடு காட்டி மசிய வைத்து, விளிம்பை மட்டும் சின்னச் சுத்தியலால் தட்டி நீட்டினேன். நடுப்பகுதி அப்படியே இருக்க, ஓரம் போக இடமில்லாமல் தானே அலை அலையாகச் சுருண்டது. ராத்திரி ஒரு மணி இருக்கும். எழுப்பிக் காட்ட ஆளில்லை, டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்ததும் அலுவலகத்தில் ஆறு பேர் கேட்டார்கள். காசு தருகிறோம் என்றார்கள். சரி என்று விலை போட உட்கார்ந்தேன். கம்பி, தகடு, கேஸ் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றும் வரவில்லை. செய்கூலி என்ன போடுவது? தாத்தாவைக் கேட்டேன். "கூலி உன் இஷ்டம். சேதாரம் உன் தூக்கம்" என்றார். இரண்டாவது ஜோடி வரை கை சந்தோஷமாக ஓடியது. மூன்றாவதில் மணி பார்த்தேன். நாலாவதில், செய்து முடித்த பூக்களைத் தட்டில் பரப்பிச் சுருக்கம் குறைந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எஃப்.ஏ.கியூ., எஸ்.கியூ. அதோடு நிறுத்தினேன். மீதி இரண்டு பேருக்கும் கோபம், அதிலொருத்தி இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அந்த முதல் ஜோடியைக் கொடுப்பதற்கு முன் தாத்தாவிடம் காட்டினேன். அவர் வாங்கிய கையோடு தராசில் வைத்தார். அறுபது வருஷப் பழக்கம், பித்தளை என்று கைக்கு ஞாபகமில்லை. சீட்டுக்கூட எடுத்துவிட்டார்.

"இது ரெண்டு பே அஞ்சு யுவே. இன்னொண்ணு..." நிறுத்தினார். "மூணு பேக்கு ஒரு யுவேதான் குறைச்சல். எங்கேயோ ரெண்டு யுவே கூடியிருக்கு பாரு."

எண்ணிப் பார்த்தேன். ஒரு காதில் ஆறு பூ, மற்றதில் ஏழு. நாள் முழுக்க மணி மணியாக எண்ணுகிறவள், அதை மட்டும் எண்ணவே இல்லை. ஒன்றைக் கழற்றிவிடட்டுமா என்று குறடைத் தேடினேன். அவர் அதற்குள் இரண்டையும் காகிதத்தில் மடித்து, மேலே எடையையும் எழுதி, என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

அவளிடம் அந்தக் காகிதத்தோடுதான் கொடுத்தேன். ஏழு பூ எந்தக் காது என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை.