71வது நாள்: பெல்ட்டுக்குள் தலை வந்துவிட்டது, கொக்கிதான் பாக்கி

நேற்றுச் சாயங்காலம் ராணி தானாக வந்து பெல்ட்டுக்குள் தலையை விட்டாள். நான் பெல்ட்டை வளையமாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அப்படியே தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை போய், மோந்து பார்க்க வேண்டியதையெல்லாம் மோந்துவிட்டு வந்தோம். எட்டு வயசு, கன்னி என்கிற நாட்டு இன நாய். வீட்டுக்கு வந்து 71 நாள் கழித்து முதல் நடை. இத்தனை நாளும் கொல்லைப்புறம்தான் அவளுக்கு உலகம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர் வளர்த்த நாய். அவர் மகள் வீட்டுக்குப் போனதும் வேறோர் இடத்தில் ஆறு மாதம் இரும்புச் சங்கிலியில் கிடந்திருக்கிறாள். வந்த புதிதில் அவளுக்கு என் மேல் பயமில்லை, வாசலில் போகும் லாரி மேலும் பயமில்லை. கழுத்து பெல்ட்டில் கயிற்றின் கொக்கியை மாட்டும் அந்த ‘டிக்’ சத்தம்தான். கேட்டால் போதும், வால் வயிற்றுக்குள் போய்விடும், கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொள்வாள். கழுத்தில் வலியோ காதில் புண்ணோ இருக்குமோ என்று டாக்டரை வீட்டுக்கே வரவழைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை, பல் மட்டும் தேய்ந்திருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டாயிற்று.

முதல் இரண்டு வாரம் அவளைச் சும்மா விட்டேன். 15ஆம் நாள் கொக்கிப் பாடம் தொடங்கியது. முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சத்தம் கேட்க வேண்டும், உடனே ஈரல் வர வேண்டும். கிளிக்கர் (நாய் சரியாகச் செய்ததும் ‘டிக்’ என்று அழுத்திக் காட்டும் சின்னக் கருவி) வாங்கச் சொன்ன நண்பருக்கு ஒரு கும்பிடு. அந்தக் கிளிக்கரே கொக்கி மாதிரிதானய்யா கத்துகிறது! நான் வாயால் ‘ம்’ என்று சொல்வதோடு சரி.

சத்தம் அமுங்கிக் கேட்க, கொக்கியைப் பழைய துண்டில் நாலு மடிப்பாகச் சுற்றி, தம்பி அடுப்படியில் நின்று தட்டுவான். நான் கூடத்தில் ஈரலோடு இருப்பேன். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளைக்கு இரண்டு வேளை. பதினெட்டு நாள் செய்தும் ஓர் அங்குலம் நகரவில்லை. நகராதது மட்டுமில்லை, என் கை சட்டைப் பைக்குப் போனாலே எழுந்து போக ஆரம்பித்தாள்.

கடைசியில் போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். தப்பு என் மேல்தான். தம்பி தட்டப் போகிறான் என்று தெரிந்ததும் என் கை முன்னாடியே பைக்குள் போயிருக்கிறது. அவள் கணக்கில் சத்தம் ஈரலைச் சொல்லவில்லை, ஈரல்தான் ‘இதோ சத்தம் வரப்போகுது’ என்று சொல்லியிருக்கிறது. பாடத்தைத் தலைகீழாக நடத்தி, நல்ல ஈரலையும் சந்தேகப்பட வைத்திருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் யாரும் அசட்டையாக இருக்காதீர்கள். சத்தம் முதலில், ஒரு விநாடி இடைவெளி, அதற்குப் பிறகுதான் கை அசைய வேண்டும். இப்போது ஈரல் கிண்ணம் டிவி மேசை மேல், என் இரண்டு கையும் முழங்கால் மேல். தம்பியும் சொல்லிவிட்டுத் தட்டுவதில்லை, அவனுக்குத் தோன்றும்போது தட்டுவான்.

அவள் தின்கிறாளா என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்படித் தின்கிறாள் என்று பார்க்க வேண்டும். மென்று தின்றால் சரி. வெடுக்கென்று பிடுங்கி விழுங்கினாலோ, உதட்டை நக்கிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலோ அன்றைக்கு ஒரு மடிப்பு கூட்டிச் சுற்ற வேண்டும். வாங்கவே மாட்டேன் என்றால் பாடம் முடிந்தது, மூட்டை கட்டு.

ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை. வேகவைத்ததை அப்படியே கொடுத்தால் கையெல்லாம் பிசுக்கு. பட்டாணி அளவு நறுக்கி, எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் சிறுதீயில் சுண்டவைத்தால் உதிரியாக நிற்கும். நெத்திலிக் கருவாடு இதைவிட இழுக்கும், ஆனால் அந்த உப்பு ஆகாது. ஈரலையும் அள்ளிக் கொடுக்கக் கூடாது, வைட்டமின் ஏ ஏறிவிடும். மீதிப் பாடங்களுக்குக் கோழிதான்.

இனி பெல்ட். கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தலை ஒடுங்கல், கழுத்து அதே கனம். கடை பெல்ட்டைப் பின்னால் ஓர் இழு இழுத்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் மட்டும் இறுகுகிற, மார்ட்டிங்கேல் என்கிற இரட்டை வளைய பெல்ட்தான் சரி. அளவு சரியாக இருந்தால், முழுக்க இறுகினாலும் இரண்டு இரும்பு வளையமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் பை தைக்கும் ஓர் அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு அங்குல நைலான் பட்டை, தோல் உரசாமல் இருக்க உள்ளே பருத்தித் துணி, 180 ரூபாய். நான்தான் அதிபுத்திசாலித்தனமாக ‘வெல்க்ரோ வையுங்கண்ணே, போடக் கழட்ட சுலபம்’ என்றேன். வீட்டில் வந்து பர்ரென்று பிரித்தேன் பாருங்கள், ராணி கொல்லைக்கு, அம்மா வாசலுக்கு. அந்த பெல்ட்டுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

இரண்டாவது தடவை போய்க் கொக்கிக் கதையைச் சொன்னபோது அண்ணன் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: ‘ஏந்தம்பி, கயித்தைப் பெல்ட்டோட சேத்தே தச்சுட்டா கொக்கி எதுக்கு?’

அன்றைக்கு 47வது நாள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், என்னத்தைச் சொல்ல.

நேற்று போட்டது அந்தச் சேர்த்துத் தைத்த பெல்ட்தான். பிறகும் ஏன் கொக்கிப் பாடம் என்று தம்பி முனகுகிறான். எங்கள் கேட்டின் தாழ்ப்பாள் அச்சு அசல் அதே சத்தம். தேங்காய் எண்ணெய் விட்டேன், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கிரீஸ் வாங்க வேண்டும். தீபாவளிக்குள் மாடி அறையில் அவளுக்கு ஒரு மூலை தயார் செய்யும் வேலையும் இருக்கிறது, ஜன்னலுக்குக் கனத்த திரை தைக்கவும் அந்த அண்ணனிடம்தான் போகப் போகிறேன்.

வயிற்றெரிச்சல் ஒன்று. ஒரு துண்டு ஈரல் கொடுக்காத, பாடம் எடுக்காத அம்மா மத்தியானம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால், ராணி போய் அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். ‘நான் அதைக் கண்டுக்கிறதே இல்லடா’ என்கிறார் அம்மா.

இன்று காலைக் கணக்கு: எட்டுத் தட்டில் ஆறுக்குக் காது மட்டும் திரும்பியது, ஒன்றுக்கு எழுந்து நின்றாள், கடைசி ஒன்றுக்கு நேராக டிவி மேசையைப் பார்த்தாள். நாளை துண்டில் ஒரு மடிப்பைக் குறைக்கிறேன்.