கடிவாள வார் பின்னுகிறேன்: ஐந்தாவது மாதம்

ஐந்து மாதத்தில் ஒரு ஜோடி கடிவாள வார், அதாவது குதிரை ஓட்டுபவர் கையில் பிடிக்கும் தோல் வார், பின்னி முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். இப்போது கையில் இருப்பது ஒன்றரை வார். அந்த அரையையும் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

பின்னுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டது. நாலு புரி (பின்னுவதற்கான இழை) உருண்டைப் பின்னலில் ஞாபகம் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஓரத்துப் புரியை எடுத்து, பக்கத்தில் உள்ள இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், திரும்பும்போது ஒன்றின் மேலே போட வேண்டும். அடுத்து மறுபக்கத்து ஓரம். பழைய ஷூ லேஸ்களில் பழகினேன். சடை பின்னத் தெரிந்தவர்களுக்கு அதுகூடத் தேவைப்படாது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது தோலைப் புரியாக வெட்டுவதுதான். நீளமான புரி வேண்டுமென்றால் நீளமான தோல் வேண்டும் என்பதில்லை. வட்டமாக ஒரு துண்டு எடுத்து, வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டிக்கொண்டே போகலாம். 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 5 மி.மீ. அகலத்துக்கு வெட்டினால், நடுவில் கொஞ்சம் விட்டாலும் கிட்டத்தட்ட 6 மீட்டர் வருகிறது. பள்ளியில் படித்த வட்டத்தின் பரப்பளவு முதல்முறையாக எனக்கு ஒரு வேலைக்கு உதவியது. வெட்டிய புரி சுருள் சுருளாக நிற்கும். ஈரப்படுத்தி இழுத்துக் காயவைத்தால் நேராகிவிடும்.

கத்தியைப் பலகையில் செங்குத்தாகக் குத்தி, அகலம் மாறாமல் இருக்கப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக்கொண்டு, தோலைத்தான் இழுக்க வேண்டும். கத்தியைக் கையில் பிடித்து வெட்டிப் பார்த்தேன். நூடுல்ஸ் மாதிரி வந்தது.

முதல் எட்டுப் புரி வாரில் 40 செ.மீ. தாண்டியதும் ஒரு புரி மட்டும் தொளதொளவென்று மேலெழும்பி நின்றது. இழுத்தால் அடங்கும், நாலு சுற்றுப் போனால் மறுபடி எழும்பும். என் கைதான் சரியில்லை என்று இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னினேன். அப்புறம்தான் அந்தப் புரியைத் தனியே உருவி, இன்னொன்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்று ரப்பர் மாதிரி நீண்டது, மற்றது அசையவே இல்லை. நீண்டது தோலின் வயிற்றுப் பகுதியில் வெட்டியது. முதுகுப் பக்கத்துத் தோல் இறுக்கமானது, வயிற்றுப் பக்கம் இளகியது. இரண்டையும் ஒரே வாரில் கலந்தால் கை எவ்வளவு சீராக இழுத்தாலும் பயனில்லை. இப்போதெல்லாம் வயிற்றுத் தோலைப் பழகுவதற்கு மட்டும் எடுத்துவைக்கிறேன்.

வெட்டியதும் புரியின் சதைப்பக்கத்து (தோலின் உட்பக்கத்து) ஓரம் இரண்டையும் சாய்வாகச் சீவ வேண்டும். சலிப்பான வேலை, நானும் ஒருமுறை விட்டுப் பார்த்தேன். புரிகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல், வாரைக் கைக்குள் உருட்டினால் மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி இருந்தது. குதிரை ஓட்டுபவர் மணிக்கணக்கில் பிடிக்கும் பொருள் அது. ஆக, சீவித்தான் தீர வேண்டும்.

எட்டுப் புரிக்கு நடுவில் ஒரு தோல் கயிறு வைத்து, அதைச் சுற்றிப் பின்னுகிறேன். கைக்கு நான்கு புரி. ஓரத்துப் புரி பின்பக்கமாகச் சுற்றிப்போய், எதிர்ப்பக்கத்து நான்கில் இரண்டுக்கு அடியில் நுழைந்து, மீதி இரண்டுக்கு மேலாகத் தன் கைக்கே திரும்பும். மீன்முள் போன்ற வரிசை விழும்போது மனசு நிறைகிறது. ஆனால் என் வலது கை கொஞ்சம் பலமாக இழுக்கிறது போல; அந்த வரிசை நேராக இறங்காமல் வாரைச் சுற்றிக்கொண்டே போகிறது. நீளத்திலும் ஏமாந்தேன். 1.5 மீட்டர் வாருக்கு 2 மீட்டர் புரி போதும் என்று நினைத்தேன். ஒரு சாண் குறைந்தது. சாய்ந்து சாய்ந்து போகிற புரி நீளத்தைத் தின்றுவிடுகிறது. இப்போது 2.5 மீட்டர் வெட்டுகிறேன்.

பதனிடாத பச்சைத்தோலிலும் ஒரு துண்டு பின்னிப் பார்த்தேன். நன்றாக ஊறவைத்தால் இளகும் என்று இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டேன். பின்னியபோது காற்றுப் புகாத இறுக்கம். காய்ந்ததும் ஒவ்வொரு புரியும் மெலிந்து, உள்ளே இருந்த கயிறு பல்லிளித்தது. பச்சைத்தோல் வளையும் அளவுக்கு மட்டும் ஈரமாக இருந்தால் போதும். பதனிட்ட தோலுக்கு ஈரத்தைவிட, கொழுப்பும் சோப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய களிம்பு நல்லது. புரி வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்காரும்.

பின்னி முடித்ததும் வாரை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். மேடு பள்ளமெல்லாம் அமுங்கி, என் பின்னலா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

முதல் வாரைக் குதிரைக்குப் போடவில்லை. தூணில் கட்டி முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன். அறவில்லை, ஆனால் 3 செ.மீ. நீண்டுவிட்டது. பாதியில் நிற்கும் இரண்டாவது வாரை அப்படியே முடித்தால் அந்த 3 செ.மீ. குட்டையாகத்தான் வரும். அதைத்தான் இன்று ராத்திரி அவிழ்க்கப் போகிறேன். இந்தத் தடவை புரிகளைப் பின்னுவதற்கு முன்பே எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.